பக்கத்து வீட்டுக் கஞ்சா

மோர்டனில் செல்வரத்தினத்தின் பிளாட்டுக்கு வந்த கடிதம் மிக மரியாதையான கடிதம். அன்புள்ள திரு. செல்வரத்தினம் என்று தொடங்கி, தங்கள் உண்மையுள்ள என்று முடிந்தது. இடையில் மட்டும், உங்கள் வீட்டிலிருந்து கஞ்சா மணம் வருவதாக முறைப்பாடு கிடைத்திருக்கிறது, இது வாடகை ஒப்பந்தத்தை மீறும் செயல், உங்கள் விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வீட்டை விட்டு எழுப்ப நீதிமன்றம் போவோம் என்று எழுதியிருந்தது. கடைசியில் சின்னதாக ஒரு குறிப்பு: இந்தக் கடிதம் பெரிய எழுத்தில் வேண்டுமானால் அறியத் தரவும். வெளியே போ என்பதைக்கூடக் கண் குறைந்தவருக்கு வசதியாகச் சொல்லும் நாடு இது.

செல்வரத்தினம் அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தார். மனைவி கனகாம்பிகை நித்திரை. பகல் பதினொரு மணிக்குப் படுக்கிற சோம்பேறியல்ல அவள். பதினேழு வருசமாக ஒழுங்காக நித்திரையே கொள்ளாதவள். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் சின்ன விரல் நகமளவில் ஒரு செல் துண்டு இருக்கிறது. ஊரில் சண்டைக்குள் குண்டு விழுந்தபோது பாய்ந்தது, பிறகு அவள் கணவரிடம் வந்தபோது விசா கேட்காமலே அவளோடு லண்டன் வந்து சேர்ந்தது. எடுத்தால் நடக்க முடியாமல் போகலாம், விட்டால் வலிக்கும் என்று டொக்டர்மார் சொன்னார்கள். விட்டார்கள், வலித்தது. முதலில் வெள்ளைக் குளிசை, பிறகு மஞ்சள், பிறகு தலையைச் சுற்ற வைக்கும் ஒரு நீலம். எல்லாம் முடிந்து, போன வருசம் ஒரு வலி நிபுணர் யோசித்து எழுதிக் கொடுத்ததுதான் மருத்துவக் கஞ்சா. சட்டப்படியானது. காய்ந்த பூவைச் சின்னக் கருவி ஒன்றில் சூடாக்கி ஆவியை இழுக்க வேண்டும். டப்பாவில் அவள் பெயர், டொக்டர் பெயர், மருந்துக்கடை லேபல் எல்லாம் இருந்தன. முதல் நாள் அவள் தொடர்ந்து நாலு மணித்தியாலம் தூங்கினாள். செல்வரத்தினம் கட்டிலோரத்தில் இருந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். வந்தது. அவருக்கு அழுகையும் வந்தது.

இதை அவர்கள் ஒரு குருவிக்கும் சொல்லவில்லை. வலியைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லலாம், அதற்கு அனுதாபம் உண்டு. கஞ்சா என்ற சொல் வாயிலிருந்து விழுந்தால் அடுத்த கலியாண வீட்டில் அதுதான் கறி. ஆகவே கனகாம்பிகை ஆவி இழுத்த கையோடு சாம்பிராணி போட்டாள். இரண்டு மணமும் கூடிக் கலந்து படியிறங்கிப் போய், யாரோ ஒருவருடைய மூக்கில் ஏறி, முறைப்பாடாகத் திரும்பி வந்துவிட்டது.

கடிதத்தையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு செல்வரத்தினம் ஹவுசிங் ஒபிசுக்குப் போனார். அங்கே கோலின் என்றொரு அதிகாரி. நல்ல மனிதர், சிரித்த முகம். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது முற்றிலும் சட்டப்படியானது,” என்றார்.

“ஓம்,” என்றார் செல்வரத்தினம். நிம்மதியாயிருந்தது.

“அதுதான் சிக்கல்,” என்றார் கோலின்.

கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் இரண்டே இரண்டு கட்டங்கள். ஒன்று: சட்டவிரோதமாகக் கஞ்சா பயன்படுத்துகிறார். மற்றது: பயன்படுத்தவில்லை. சட்டப்படி பயன்படுத்துகிறவருக்குக் கட்டம் இல்லை. இரண்டில் ஒன்றைத் தொடாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. போகாவிட்டால் கோப்பு தன்பாட்டில் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

“மூன்றாவது கட்டம் ஒன்று போடலாமே?”

“போடலாம். அதற்கு ஆணைக்குழுவின் அறிக்கை வர வேண்டும்.”

அப்போதுதான் செல்வரத்தினம் அந்த ஆணைக்குழுவைப் பற்றி அறிந்தார். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா என்பதைச் சமூகவியல் நோக்கில் ஆராய்வதற்கென்று தென்லண்டனில் அமைக்கப்பட்ட ‘செவிமடுக்கும் ஆணைக்குழு’. ஏழு வருசமாகச் செவிமடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் பங்குபற்றும் வீடுகளின் வழக்குகளை ஹவுசிங் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும். “தமிழர்களிடமிருந்து இதுவரை ஒருவரும் வரவில்லை,” என்றார் கோலின், மிகுந்த ஆசையோடு.

செல்வரத்தினம் ஒரு சுப்பர்மார்க்கெட்டின் பின்பக்கத்தில் இருபத்தொரு வருசமாகப் பால் அடுக்குகிறவர். திகதி முந்தியதை முன்னுக்கும் பிந்தியதைப் பின்னுக்கும் வைக்கிற வேலை. அதற்கு அப்பால் சமூகவியலோடு அவருக்கு ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஆணைக்குழுவுக்கு முன்னால் போக முதல் ஒரு சம்பிரதாயம் இருந்தது. முறைப்பாடு வந்த வீட்டுக்கு மணம் பார்க்க ஓர் உத்தியோகத்தர் வருவார். திடீரென்று வந்து மணந்தால் குடியிருப்பாளரின் கௌரவம் கெடும் என்பதால், இரண்டு கிழமைக்கு முன்னமே நாளும் நேரமும் எழுதி அறிவித்தார்கள். அந்த நாள் கனகாம்பிகை மிளகாய் வறுத்துத் தூளுக்கு ஆயத்தம் செய்கிற நாளாக அமைந்துவிட்டது. வேண்டுமென்று அமைத்தாளா என்று கேட்டால் மறுப்பாள். உத்தியோகத்தர் வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்தார். அடுத்த பத்து நிமிசமும் இருமினார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓடப் படிவத்தை நிரப்பினார். மண் போன்ற மணம், இனிப்பான மணம், புளித்த மணம், வேறு என்ற நான்கில் ‘வேறு’ என்பதைத் தொட்டு, ‘விளக்குக’ என்ற இடத்தில் ‘முடியவில்லை’ என்று எழுதினார்.

ஆணைக்குழுவுக்குத் தமிழர் வேண்டும். தமிழர் வேண்டுமென்றால் லண்டனில் ஒரு வழிதான் இருக்கிறது, தலைவரைப் பிடிப்பது. தென்மேற்கு லண்டன் தமிழ்ச் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவர் நித்தியானந்தன். பதினாறு வருசமாகத் தலைவர். ஒவ்வொரு வருசமும், இளையவர்கள் வர வேண்டும் என்று உருக்கமாகப் பேசிவிட்டு ஏகமனதாகத் தெரிவாகிறவர். விம்பிள்டனில் அவருக்குத் தனி வீடு. ஒரு பக்கம் கோல்ப் மைதானம், மற்றப் பக்கம் கல்லறைகள் நிறைந்த சவக்காலை. “பக்கத்து வீடு எண்டு ஒண்டு இல்லாததுதான் வாழ்க்கையில நிம்மதி,” என்று வீடுகுடிபூரல் விருந்தில் அவர் சொன்னதைச் சனம் இன்னும் பொறாமையோடு திருப்பிச் சொல்லும்.

நித்தியானந்தன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மோர்டனில் ஒரு மண்டபத்தில் பதின்மூன்று பேரைத் திரட்டினார். பதின்மூன்று பேரும் நோர்பரியில் ஒரே முட்டுச்சந்தில் வட்டமாக வீடு வாங்கியவர்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான். வீடு வாங்கும்போது எங்கள் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்து வாங்குவார்கள். வாங்கிய மறுகிழமை வேலியை இரண்டடி உயர்த்துவார்கள். பதினாலாமவராகச் செல்வரத்தினம் போய், ஓரக் கதிரையில் இருந்தார். சட்டைப்பையில் டப்பா லேபலின் போட்டோக் கொப்பி இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தார்.

ஆணைக்குழுவின் தலைவி பேராசிரியர் பிலிப்பா வெதர்பி எழுந்தார். அவர் பேசப் பேச, ஜதுர்ஷிகா என்ற ஆராய்ச்சி மாணவி தமிழாக்கினாள்.

“நாங்கள் இங்கே எதையும் தீர்மானிக்க வரவில்லை,” என்றார் பேராசிரியர். “ஏழு வருசமாக நாங்கள் எதையும் தீர்மானித்ததில்லை, அதில் எங்களுக்குப் பெருமை. கஞ்சா ஒரு செடி அல்ல, அது ஓர் உறவு. யார் புகைக்கிறார்கள் என்பதை விட, யார் புகைத்தால் அது குற்றம், யார் புகைத்தால் அது இளமைக்காலம் என்பதுதான் சமூகவியல். உதாரணத்துக்கு என்னையே எடுங்கள். பல்கலைக்கழகத்தில் நான் நிறையப் புகைத்தேன். ஆனால் என் தெருவுக்குப் பொலிஸ் வந்ததில்லை. பின்னாளில் அதைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதினேன்.”

சபை கைதட்டியது. புத்தகம் எழுதியவரென்றால் நாங்கள் கைதட்டுவோம்.

பதிலுரை வழங்கத் தலைவர் எழுந்தார். “எங்கட சனம் ஒரு சூட்கேசோட வந்திறங்கின சனம். இண்டைக்கு எங்கட பிள்ளையள் டொக்டர், இஞ்சினியர், அக்கவுண்டன்ட். கஞ்சாவை மணந்தும் பாத்தறியாதுகள். சட்டமாக்கிறதைப் பற்றி எங்களுக்கு எதிர்ப்பும் இல்லை, ஆதரவும் இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில வேண்டாம், கலியாண மண்டபத்துக்குப் பக்கத்தில வேண்டாம். மிச்ச இடங்களைப் பற்றி எங்களுக்குக் கருத்தில்லை.”

பிறகு வட்டமாகக் கேள்வி சுற்றியது. உங்களுக்குத் தெரிந்து யாராவது கஞ்சா பயன்படுத்துகிறார்களா?

லலிதா என்ற பெண் தொடங்கினாள். புருவம் திருத்தும் கடை வைத்திருக்கிறவள். “எங்கட வீட்டில சீ, ஒருத்தரும் இல்லை. பக்கத்து வீட்டிலதான். யன்னல் திறக்கேலாது.”

அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் றமணன் அடுத்த கதிரையில்தான் இருந்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “எங்கட வீட்டில இல்லை. பக்கத்து வீட்டில,” என்றார்.

றமணனுக்குப் பக்கத்து வீடு கஸ்பருடையது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். சிலுவை போட்டுக்கொண்டார். “நான் ஒருத்தரையும் தீர்ப்பிடமாட்டன். ஆனா பக்கத்து வீட்டில.”

இப்படியே போய், பதின்மூன்றாமவர் தன் பக்கத்து வீட்டைச் சொன்னார். அது லலிதாவின் வீடு. தலைவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்குத்தான் பக்கத்து வீடு இல்லையே.

எல்லாரும் செல்வரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் பைக்குள் கையை விட்டார், கடதாசி விரலில் தட்டுப்பட்டது. தலைவரின் முகத்தைப் பார்த்தார், லலிதாவின் கண்ணைப் பார்த்தார். மறுநாள் கோயிலில் கனகாம்பிகை எந்த மூலையில் இருக்க வேண்டி வரும் என்று நினைத்துப் பார்த்தார்.

“பக்கத்து வீட்டில,” என்றார்.

அவருடைய பக்கத்து பிளாட்டில் இருப்பது மிஸிஸ் டொறத்தி. எண்பத்தாறு வயது. சிறுபிள்ளைகளுக்குப் பியானோ படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

பேராசிரியர் வெதர்பி பலகையில் பதினாலு வட்டம் கீறி, அம்புக்குறி போட்டார். பதின்மூன்று அம்புகள் ஒருவரில் இருந்து ஒருவருக்குப் போய், முட்டுச்சந்தைச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்தன. பதினாலாவது அம்பு மட்டும் தனியாக வெளியே போய் டொறத்தியின் பிளாட்டைக் குத்தி நின்றது. பேராசிரியர் இரண்டடி பின்னால் போய் நின்று அதைப் பார்த்தார். அவருடைய கண் பளபளத்தது.

“எல்லா வீட்டிலும் பயன்பாடு இருக்கிறது,” என்றார் மெதுவாக. “எந்த வீட்டிலும் பயனர் இல்லை. இப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை.”

ஜதுர்ஷிகா அதைத் தமிழாக்காமல் நிலத்தைப் பார்த்தாள்.

ஆறு கிழமையில் இடைக்கால அறிக்கை வந்தது. ‘பயனரில்லாப் பயன்பாடு: ஒரு தமிழ் முன்மாதிரி’ என்று தலைப்பு. உள்ளே, நூற்றுக்கு எத்தனை பேர் பயனர் என்று ஓர் அட்டவணை. ஒவ்வொரு சமூகத்துக்கும் எதிரே ஒவ்வொரு எண், தமிழருக்கு எதிரே பூச்சியம். தலைவர் அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்து, படமெடுத்து, கூட்டமைப்பின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். நூற்றுநாற்பது பேர் கைகூப்பினார்கள்.

அதே கிழமை செல்வரத்தினத்துக்குக் கடிதம் வந்தது. வழக்கை நிறுத்தி வைக்கும் சலுகை கஞ்சாவால் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்கு மட்டுமே உரியது, ஆணைக்குழுவின் கணக்குப்படி உங்கள் சமூகத்துக்கு அப்படியொரு தேவை இல்லை, ஆகவே சலுகை நீக்கப்படுகிறது, நீதிமன்றத் திகதி பின்னர் அறிவிக்கப்படும்.

அவர் அதை வாசித்து முடிக்க முதல் கதவு தட்டப்பட்டது. மிஸிஸ் டொறத்தி நின்றார். கையில் அவருக்கும் ஒரு கடிதம், பெரிய எழுத்தில். ஆணைக்குழு பெயர்களை இரகசியமாக வைப்பதாகத்தான் வாக்களித்திருந்தது. முகவரிகளைப் பற்றி ஒருவரும் வாக்களிக்கவில்லை.

“என் வீட்டில் கஞ்சா இருக்கிறதாம்,” என்றார் கிழவி. “இந்த வயதில் என்னை யாராவது எதற்காவது சந்தேகப்படுகிறார்கள் என்று முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு கடைசிப் பந்தியை வாசித்தேன். எனக்கு வேறு வீடு இல்லையே, மிஸ்டர் செல்வா.”

செல்வரத்தினத்துக்கு நிலம் இரண்டாகப் பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் நல்லது என்றிருந்தது. லண்டன் நிலம் அப்படியெல்லாம் உடனடியாகப் பிளக்காது. அதற்கும் விண்ணப்பம் போட வேண்டும்.

கிழவி போன பிறகு கனகாம்பிகையிடம் எல்லாவற்றையும் சொன்னார். மண்டபத்தில் தான் சொன்ன பொய்யையும் சொன்னார்.

அவள் காலை நீட்டிக்கொண்டாள். “அந்த மனிசி எனக்கு ஒவ்வொரு டிசம்பரும் நத்தாருக்குக் கேக் கொண்டந்து தாறவ,” என்றாள்.

“தெரியும்.”

“இஞ்சருங்கோ, என்ர இடுப்புக்குள்ள செல் துண்டு இருக்கெண்டு சொல்ல எனக்கு வெக்கமில்லை. அதைப் போட்டவங்களுக்கே வெக்கமில்லை. மருந்தைச் சொல்ல மட்டும் நானேன் வெக்கப்பட வேணும்? வாற கூட்டத்தில எழும்பிச் சொல்லுங்கோ. நானும் வாறன்.”

“கோயிலில கதைப்பினம்.”

“இப்ப மட்டும் என்ன, தேவாரமோ பாடுகினம்?”

இறுதிப் பகிரங்க அமர்வு விம்பிள்டனில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. தமிழ் முன்மாதிரியைக் கொண்டாடும் அமர்வு என்பதால் தமிழ் மரபுப்படி நடத்தக் கூட்டமைப்பு பொறுப்பெடுத்தது. நிகழ்ச்சி நிரலில் மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, கௌரவிப்பு, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் இருந்தன. கஞ்சா என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

பேராசிரியர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முதல் திரியை ஏற்றினார். பின்னால் யாரோ பக்தியோடு சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்தார்கள். புகை மேலே போயிற்று. கூரையில் இருந்த கருவி அலறியது. தீயணைப்பு விதிகளின்படி இருநூறு பேரும் கார் பார்க்கில் இருபது நிமிசம் நின்றார்கள், பேராசிரியர் வெறுங்காலோடு. ஏழு வருசக் கஞ்சா விசாரணையில் நேருக்கு நேர் காணப்பட்ட ஒரே புகை அதுதான்.

மறுபடி உள்ளே போய், தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினார். பேராசிரியர் பொன்னாடையோடு பேசினார்.

“தடை செய்த நாடுகளும் தோற்றன, அனுமதித்த நாடுகளும் குழம்பின. தமிழர்கள் மூன்றாவது வழியொன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவர்களிடம் கஞ்சா எப்போதும் அடுத்த வீட்டில் இருக்கிறது. அடுத்த வீட்டில் இருப்பதால் யாரையும் கைது செய்யத் தேவையில்லை, யாருக்கும் சிகிச்சை தரத் தேவையில்லை, சட்டத்தை மாற்றவும் தேவையில்லை. இந்த முன்மாதிரியை மற்றச் சமூகங்களுக்கும் கற்பிக்கப் பரிந்துரைக்கிறோம். எப்படிக் கற்பிப்பது என்று ஆராய இன்னோர் ஆணைக்குழு வேண்டும். அதற்குத் தலைமை தாங்க நான் தயாராக இருக்கிறேன்.”

கைதட்டல் ஓய்ந்ததும், கேள்விகள் உண்டா என்று வழக்கத்துக்காகக் கேட்டார்கள். செல்வரத்தினம் எழும்பினார். ஜதுர்ஷிகா ஓடிவந்து மைக்கைக் கொடுத்தாள்.

“ஒண்டு,” என்றார்.

“ஒரு கேள்வியா, அங்கிள்?” என்று அவள் மெல்லக் கேட்டாள்.

“கேள்வி இல்லைப் பிள்ளை. கணக்கு. பூச்சியம் எண்டு போட்டிருக்கினம், அது பிழை. ஒண்டு எண்டு போடச் சொல்லு. என்ர மனிசி. டொக்டர் எழுதிக் குடுத்து ஒவ்வொரு நாளும் கஞ்சா பாவிக்கிறா.” இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டார். “அண்டைக்குப் பக்கத்து வீட்டில எண்டு சொன்னன். பொய். பக்கத்து வீட்டில இருக்கிறது எண்பத்தாறு வயது மனிசி. நான் சொன்ன பொய்யால அவவை வீட்டால எழுப்பப் போகினம். என்னைப் பற்றி என்னவும் எழுதுங்கோ. அந்த அம்பை மட்டும் அழியுங்கோ.”

மண்டபத்தில் கதிரை இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசையில் கனகாம்பிகை இடுப்பில் கையை ஊன்றி எழும்பிக்கொண்டிருந்தாள். அவள் எழும்புவதற்கு எப்போதும் நேரம் எடுக்கும். இருநூறு பேரும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

“அந்த ஒண்டு நான்தான்,” என்றாள். “பதினேழு வருசத்துக்குப் பிறகு இப்பதான் நான் நித்திரை கொள்ளுறன். இதைச் சொல்லத்தான் வந்தனான்.” சொல்லிவிட்டு, அதே நேரமெடுத்துத் திரும்பக் கதிரையில் இருந்தாள்.

நித்தியானந்தன் மேடையிலிருந்தே குரலைத் தாழ்த்தினார். “செல்வம், இதுகளைப் பிறகு இருந்து கதைப்பம். வெள்ளைக்காரர் இருக்கினம்.”

பேராசிரியர் நெஞ்சில் கைவைத்து, இது துணிச்சலான குரல், மதித்துச் செவிமடுத்தோம் என்றார். பிறகு புள்ளிவிபரவியலாளரிடம் குனிந்து பேசினார். அவர் மடிக்கணினியில் தட்டிப் பார்த்து விளக்கினார். தென்லண்டனில் பல்லாயிரம் தமிழர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் என்பது தசமப் புள்ளிக்குப் பின்னால் நிறையப் பூச்சியங்களைத் தாண்டித்தான் வருகிறார், அறிக்கையில் கிட்டிய முழு எண்ணைத்தான் போடுவது வழக்கம், கிட்டிய முழு எண் பூச்சியம்.

“ஆகவே அறிக்கையில் மாற்றமில்லை,” என்றார் பேராசிரியர் கனிவாக. “ஆனால் உங்கள் வலி எங்களுக்கு முக்கியம்.”

கனகாம்பிகைக்கு அது மொழிபெயர்க்காமலே விளங்கிற்று. மேடைக்குக் கொண்டுவந்திருந்த பலகையில் டொறத்தியை நோக்கிய அம்பை மட்டும் ஓர் எழுதுவினைஞர் அழித்தார். அழித்த கையோடு அந்தக் கிழவியின் கோப்பு மூடப்பட்டது. ஏழு வருசத்தில் ஆணைக்குழு எடுத்த ஒரே தீர்மானம் அது. தவறுதலாக நடந்துவிட்டது என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். சந்தேகம் நீங்கியதில் டொறத்திக்குக் கொஞ்சம் ஏமாற்றம், ஆனாலும் கேக் வந்தது. நத்தாருக்கு நாலு மாசம் இருக்கவே வந்தது.

அடுத்த இரண்டு கிழமை சனம் தன் வேலையைச் செய்தது. கோயிலில் கனகாம்பிகையைச் சுற்றி மூன்று பேர் இருக்கக்கூடிய இடம் காலியாக இருந்தது. காலை நீட்டி இருக்க வசதியாய்ப் போச்சு என்றாள் அவள். ஆனாலும் வீட்டுக்கு வந்து, பாத்திரங்களைச் சத்தம் போட்டுக் கழுவினாள். செல்வரத்தினம் பால் அடுக்கும்போது திகதியைப் பிழையாக வைத்து, இரண்டு தரம் ஏச்சு வாங்கினார். நீதிமன்றத் திகதி இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று தபால் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் கிழமை லலிதா வந்தாள். வாசலில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். “எனக்கில்லை அக்கா. பக்கத்து வீட்டு ஆளுக்குத் தோள்மூட்டு நோ. இரவில படுக்கேலாதாம். எந்த டொக்டரெண்டு கேட்டவை.” கேட்கும்போது தன்னையறியாமல் தன் இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கனகாம்பிகை கிளினிக்கின் பெயரை எழுதிக் கொடுத்தாள். “எல்லாருக்கும் சரிவராது பிள்ளை. டொக்டரோட வடிவாக் கதைக்கச் சொல்லு, பக்கத்து வீட்டு ஆளை.”

வியாழக்கிழமை றமணன் வந்தார், பக்கத்து வீட்டுக்காரரின் தலையிடிக்காக. வெள்ளிக்கிழமை கஸ்பர் போன் எடுத்தார், தன் தேவாலயப் பங்கில் ஒருவருக்காக. மாதம் முடிவதற்குள் பதினொரு பேர். பதினொரு பேரும் பக்கத்து வீட்டுக்காகத்தான் வந்தார்கள். முட்டுச்சந்தின் அம்புகள் எல்லாம் இப்போது மோர்டனை நோக்கித் திரும்பியிருந்தன. பேராசிரியர் பார்த்திருந்தால் இன்னொரு புத்தகம் எழுதியிருப்பார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதல்நாள் வந்து மேசையில் கிடந்த ஹவுசிங் கடிதத்தைச் செல்வரத்தினம் மனத்தைத் திடப்படுத்தி உடைத்தார். கோலினின் கையெழுத்து. அன்புள்ள திரு. செல்வரத்தினம், ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை எமக்குக் கிடைத்துள்ளது. தமிழ் வீடுகளில் கஞ்சாப் பயனர் பூச்சியம் என்று அது உறுதி செய்கிறது. ஆகவே உங்கள் வீட்டிலிருந்து வந்தது கஞ்சா மணமாக இருக்க முடியாது. முறைப்பாடு மூடப்படுகிறது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

“என்னவாம்?” என்றாள் கனகாம்பிகை.

“நீ இல்லையாம்,” என்றார் செல்வரத்தினம். “நீ இல்லாதபடியால் வீட்டில இருக்கலாமாம்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நடுவில் வேறு மாதிரித் திரும்பியது. அவள் வந்து அவருடைய முதுகைத் தடவினாள்.

அப்போது கதவு மணி அடித்தது. நித்தியானந்தன் நின்றார், கையில் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. வலது முழங்காலைப் பிடித்தபடி மெல்ல நடந்துவந்து கதிரையில் இருந்தார். காலநிலையைப் பற்றிக் கதைத்தார். கூட்டமைப்பின் அடுத்த ஒன்றுகூடலைப் பற்றிக் கதைத்தார். இளையவர்கள் வர வேண்டும் என்றார். தேத்தண்ணி முடிந்தது.

“செல்வம், அண்டைக்கு நடந்ததுகளை மனசில வையாதை. சபை நாகரிகம் எண்டு ஒண்டு இருக்கு,” என்றார். பிறகு கனகாம்பிகையின் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, அந்த கிளினிக் பெயர் ஒருக்காத் தரேலுமோ? எனக்கில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒராளுக்கு. முழங்கால். மனுசன் படுற பாடு பாக்கேலாது.”

கனகாம்பிகை பேனையை எடுத்தாள்.

“எந்தப் பக்கத்து வீடு, அண்ணை?” என்றாள். “கோல்ப் மைதானப் பக்கமோ, சவக்காலைப் பக்கமோ?”

நித்தியானந்தன் கோப்பையின் அடியைப் பார்த்தார். கை மட்டும் முழங்காலை விட்டு எழும்பவில்லை.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பதினேழு வருசம் வலியோடு இருந்தவளுக்கு, பிடித்திருக்கும் கையைப் பார்த்தாலே நோவின் அளவு தெரியும். எழுதுவதற்குக் கடதாசி தேடினாள். மேசையில் ஹவுசிங் கடிதம்தான் கிடந்தது. அதைக் குப்புறத் திருப்பி, கிளினிக்கின் பெயரையும் இலக்கத்தையும் எழுதி, அவருக்குக் கண் கொஞ்சம் குறைவு என்பது ஞாபகம் வர, அடித்துவிட்டுப் பெரிய எழுத்தில் திரும்ப எழுதிக் கொடுத்தாள்.